அகதா கிறிஸ்டி நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் உள்ள அகதா கிறிஸ்டி புத்தகங்கள் பல வருடங்களாக இரவல் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில திரும்பியும் வருகின்றன. திரும்பி வரும்போது கூடவே ஒரு சந்தேகமும் வரும். பெரும்பாலும் போன மாதம் வேறொருவர் கேட்ட அதே சந்தேகமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் வாசற்படியில் நின்று பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த நாவலின் கொலையாளியையும் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசிக்கு முந்தைய பதிலில் மட்டும் ஒரு சிறுகதையின் முடிச்சு அவிழ்கிறது. அங்கே எச்சரிக்கை இருக்கிறது.

"66 என்கிறார்கள், 80 என்கிறார்கள். உண்மையில் எத்தனை புத்தகங்கள்?"

துப்பறியும் நாவல்கள் 66, சிறுகதைத் தொகுப்புகள் 14. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த 80. இவை போக, மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் கொலையே இல்லாத ஆறு நாவல்கள் எழுதினார். நாடகங்கள், சிரியா அகழாய்வு முகாம் வாழ்க்கையைப் பற்றிய ஒரு நினைவுக்குறிப்பு, இறந்தபின் 1977இல் வெளிவந்த சுயசரிதை ஆகியவை தனி. சிறுகதைத் தொகுப்புகள் இங்கிலாந்தில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறு விதமாகவும் கட்டப்பட்டன. அதனால் உங்கள் கணக்கில் ஒன்றிரண்டு கூடிக்குறைந்தால் கவலை வேண்டாம்.

"ஒன்றுகூடப் படித்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?"

முதல் நாவலிலிருந்து வேண்டாம். 1920இல் வந்த 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் துப்புகள் சந்தைக் கூட்டம்போல நெருக்கியடிக்கின்றன. புதிதாக வருபவருக்கு மூச்சுத் திணறும்.

நான் கையில் கொடுப்பது பெரும்பாலும் 1950இல் வெளியான 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு'. ஒரு கிராமத்தில் காலையில் உள்ளூர் வார இதழ் வீடு வீடாகப் போகிறது. விளம்பரப் பகுதியில், வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும் என்று ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரிக்கே அது தெரியாது. ஊரார் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து சேர்கிறார்கள். விளக்கு அணைகிறது. இதற்குமேல் புத்தகத்தைக் கீழே வைப்பவர் இருந்தால் அவருக்குக் கிறிஸ்டி ஒத்துவராது, விட்டுவிடலாம்.

துப்பறிவாளர் புவாரோவைத்தான் சந்திக்க வேண்டும் என்றால் 'தி ஏபிசி மர்டர்ஸ்' (1936). அழுத்தமான கதை வேண்டுமென்றால் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' (1942). பதினாறு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு கொலையை ஐந்து பேர் ஐந்து விதமாக நினைவுகூரும் கதை அது. என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே அதுதான் உச்சம். சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

"வெளியான வரிசையில்தான் படிக்க வேண்டுமா?"

தேவையில்லை. ஒவ்வொன்றும் தனிக்கதை. விதிவிலக்குகள் நான்கைந்து உண்டு.

'டம்ப் விட்னஸ்' (1937) நாவலைத் தொடுவதற்கு முன் எச்சரிக்கை. அதன் நடுவில் புவாரோ பழைய வழக்குகளை அசைபோடும்போது நான்கு கொலையாளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறார். எனவே 'ஸ்டைல்ஸ்', 'தி மர்டர் ஆஃப் ராஜர் ஆக்ராய்ட்', 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெயின்', 'டெத் இன் தி க்ளவுட்ஸ்' ஆகிய நான்கையும் முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். அதேபோல 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' (1936) நாவலில் போகிற போக்கில் ஒரே வாக்கியம் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' முடிவைப் போட்டு உடைத்துவிடும். தன் வாசகர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் வெளியான உடனே படித்திருப்பார்கள் என்று நம்பினார்போலும்.

டாமி, டப்பன்ஸ் தம்பதி கதைகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். 1922இல் வேலையில்லாத இளைஞர்களாக வரும் அவர்கள் 1973இல் பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள். கிறிஸ்டியின் ஆட்களில் நம்மைப்போல ஒழுங்காக மூப்படைந்தவர்கள் அவர்கள்தான். 'கர்ட்டன்' புவாரோவின் கடைசி வழக்கு. அதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரே கதையை இரண்டு பெயரில் வாங்கி ஏமாந்துவிட்டேன். இது எப்படி?"

ஏமாந்தவர் நீங்கள் மட்டுமல்ல. அமெரிக்கப் பதிப்பகங்கள் தலைப்பை மாற்றும் பழக்கம் வைத்திருந்தன. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' அங்கே 'மர்டர் இன் ரெட்ரோஸ்பெக்ட்' ஆனது. 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' என்பது 'தர்ட்டீன் அட் டின்னர்'. '4.50 ஃப்ரம் பேடிங்டன்' என்பது 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!'. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவலே 'மர்டர் இன் தி காலே கோச்' என்று ஓடியது. பழைய புத்தகக் கடையில் அமெரிக்கப் பதிப்பு கையில் சிக்கினால் முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டி இறந்தவர் பெயரைப் பாருங்கள். அட்டையில் உள்ள பெயரை நம்ப வேண்டாம்.

"'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலுக்கு முதலில் வேறு பெயர் இருந்ததாமே?"

ஆம். 1939இல் இங்கிலாந்தில் வெளியானபோது, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் ஒன்று தலைப்பிலேயே இருந்தது. அந்தக் காலத்து மேடைப்பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அமெரிக்கப் பதிப்பகம் 1940இலேயே அதை நிராகரித்து இப்போதைய பெயரை வைத்தது. இங்கிலாந்தில் 1980கள் வரை பழைய பெயர் நீடித்தது. பத்துப் பேர், ஒரு தீவு, ஒவ்வொருவராகச் சாவு என்ற அந்தக் கதை பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

தலைப்பு மட்டுமல்ல, வேறு சில பழைய நாவல்களிலும் யூதர்களையும் ஆசிய, ஆப்பிரிக்க மக்களையும் பற்றி முகம் சுளிக்க வைக்கும் வரிகள் உண்டு. அண்மைப் பதிப்புகளில் பதிப்பகம் சிலவற்றை நீக்கியிருப்பதாக 2023இல் செய்தி வெளியானது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு 'ஒரு வரி காணவில்லையே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. என் விருப்பம் பழைய பதிப்பு. மோசமான வரி மோசமாகவே தெரிவது நல்லது.

"பொய்ரோவா, பொய்ராட்டா, புவாரோவா? அவர் பிரெஞ்சுக்காரர்தானே?"

பிரெஞ்சு உச்சரிப்புக்கு நெருக்கமானது 'புவாரோ'. 'பொய்ரோ' என்று எழுதுவதிலும் ஒரு சுவை இருக்கிறது. பொய்யைப் பிடிப்பவர் பெயரிலேயே பொய்! ஆனால் அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, பெல்ஜியக்காரர். நாவலில் யாராவது அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று சொன்னால் உடனே முகம் சிவந்து திருத்துவார். முதல் உலகப் போரில் ஜெர்மனி படையெடுத்தபோது பெல்ஜிய அகதிகள் பலர் கிறிஸ்டியின் சொந்த ஊரான டார்க்கியில் தஞ்சம் புகுந்தார்கள். ஓய்வுபெற்ற பெல்ஜியப் போலீஸ்காரர் ஒருவர் அகதியாக வந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் பிறந்தவர் இவர்.

அந்த 'ஓய்வுபெற்ற' என்ற சொல்தான் பின்னால் வினையாயிற்று. முதல் கதையிலேயே ஓய்வு பெற்றவரை வைத்து 1970கள் வரை எழுதினால் வயது நூறைத் தாண்டிவிடும். அவ்வளவு முதியவராகத் தொடங்கியது தவறு என்று கிறிஸ்டியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்குப் புவாரோவிடம் அலுப்பும் உண்டு. பின்னாளைய நாவல்களில் வரும் எழுத்தாளர் அரியாட்னி ஆலிவரைப் பாருங்கள். தான் படைத்த ஃபின்லாந்து துப்பறிவாளரைச் சகிக்க முடியாமல், ஃபின்லாந்தைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அந்த அம்மாள் புலம்புவார். அது யாருடைய புலம்பல் என்று சொல்லத் தேவையில்லை.

"ஒரு கிராமத்துக் கிழவி சொல்வதைப் போலீஸ் எதற்குக் கேட்க வேண்டும்? நம்பும்படியாக இல்லையே?"

பெரும்பாலும் கேட்பதில்லை. மிஸ் மார்பிள் கதைகளின் சுவையே அதுதான். பின்னல் ஊசியோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் முதியவளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவள் எதிரிலேயே எல்லாம் பேசுகிறார்கள்.

அவருடைய முறை கைரேகையும் சாம்பலும் அல்ல. கொலை நடந்த மாளிகையில் ஒருவரைப் பார்த்ததும், தன் ஊரான செயின்ட் மேரி மீடில் மீன் விற்றவரோ பால்காரரோ செய்த ஒரு சின்னத் திருட்டுத்தனம் அவருக்கு நினைவுக்கு வரும். ஆள் வேறு, அளவு வேறு, புத்தி ஒன்று. நம் தெருவில் திண்ணையில் உட்கார்ந்தபடியே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லும் பாட்டிகளை அறிந்தவர்களுக்கு மார்பிளை நம்புவதில் சிரமமே இருக்காது. நாவல்கள் பன்னிரண்டுதான். அதில் 1930இல் வந்த முதல் நாவலின் மார்பிள் கொஞ்சம் கடுகடுப்பானவர், வம்பு பேசுபவர். பிறகு கனிந்துவிடுகிறார்.

"கிறிஸ்டியே பதினொரு நாள் காணாமல் போனது விளம்பரத்துக்காகவா?"

1926 டிசம்பர் 3 இரவு வீட்டிலிருந்து காரில் கிளம்பினார். மறுநாள் சர்ரே பகுதியில் நியூலண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில் கார் ஆளில்லாமல் கிடந்தது. போலீஸார், தன்னார்வலர்கள் எனப் பெருங்கூட்டம் தேடியது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில், கிறிஸ்டியின் கையுறை ஒன்றை வாங்கி ஆவியோடு பேசுபவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். டிசம்பர் 14 அன்று வடக்கே ஹாரோகேட் நகர ஹோட்டல் ஒன்றில் அவர் இருப்பது தெரிந்தது. அங்கே பதிவு செய்திருந்த பெயர் தெரசா நீல். நீல் என்பது, கணவர் ஆர்ச்சி யாரைக் காதலித்து விவாகரத்துக் கேட்டாரோ அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர்.

நினைவிழப்பு என்று குடும்பம் சொன்னது. அவர் சுயசரிதையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே வருடம் தாயை இழந்தார், கணவரும் கைவிட்டார். புத்தகம் விற்பதற்காக என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 'ராஜர் ஆக்ராய்ட்' அந்த வருடம் ஏற்கனவே நன்றாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

"விஷங்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எப்படி எழுதினார்?"

அது அவருடைய தொழில். முதல் உலகப் போரில் டார்க்கி மருத்துவமனையில் முதலில் செவிலியாகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தார்; தேர்வெழுதித் தகுதியும் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் மறுபடியும் மருந்தகத்துக்கே போனார். 'ஸ்டைல்ஸ்' நாவல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே, வேலை குறைந்த நேரத்தில் யோசித்தது. மருந்தாளுநர்களின் தொழில் இதழ் ஒன்று அதைப் பாராட்டி மதிப்புரை எழுதியதில் அவருக்குப் பெருமை.

பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்த மருந்துக் கடைக்காரரைப் பற்றிச் சுயசரிதையில் சொல்கிறார். ஒருநாள் அவர் சப்போசிட்டரி (ஆசனவாய் வழியே வைக்கும்) மருந்து தயாரிக்கும்போது தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டார். மருந்தின் அளவு பத்து மடங்கு ஆகிவிட்டது. மாணவி ஆசிரியரைத் திருத்தினால் அவர் ஏற்க மாட்டார். கிறிஸ்டி என்ன செய்தார் தெரியுமா? கால் தடுக்கியதுபோல நடித்து, தட்டைக் கீழே தள்ளி, சிதறியவற்றை நன்றாக மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே மனிதர் இன்னொரு நாள் சட்டைப்பையிலிருந்து கரிய கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அம்பு நுனியில் தடவும் க்யூராரே நஞ்சு. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றால், கையில் இருந்தால் வலிமை வந்ததுபோல இருக்கிறது என்றார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 'தி பேல் ஹார்ஸ்' (1961) எழுதும்போது அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டாராம்.

"அவருடைய நாவல் ஓர் உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்வது கட்டுக்கதையா?"

உண்மை. மேலே சொன்ன அதே 'பேல் ஹார்ஸ்'தான். 1977இல் கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர், குழந்தையிடம் உள்ள அறிகுறிகள் கதையில் வருபவைபோலவே இருக்கின்றன என்றார். பரிசோதித்தார்கள், அதே நஞ்சு. வீட்டில் பூச்சி, எலி ஒழிக்க வைத்திருந்த மருந்திலிருந்து உடலில் ஏறியிருந்தது. குழந்தை பிழைத்தது. நஞ்சின் பெயரை நான் சொல்லப்போவதில்லை; சொன்னால் நாவல் போய்விடும்.

"'மவுஸ்டிராப்' புத்தகம் எங்கே கிடைக்கும்?"

அது நாடகம். 1952 நவம்பர் 25 முதல் லண்டனில் நடக்கிறது. கொரோனாவுக்காக 2020இல் நின்று 2021இல் மீண்டும் தொடங்கியது. ராணி மேரியின் 80ஆம் பிறந்தநாளுக்காக 1947இல் எழுதிய 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்ற வானொலி நாடகம்தான் அதன் விதை. அதே பெயரில் கதை வடிவம் அமெரிக்கத் தொகுப்பில் உண்டு. நாடகம் ஓடும்வரை பிரிட்டனில் கதையை நூலாக்கக் கூடாது என்பது கிறிஸ்டியின் நிபந்தனை. நாடகப் பிரதி அச்சில் கிடைக்கிறது. உரிமைத்தொகையைப் பேரனுக்குப் பரிசாக எழுதிக்கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய பிறந்தநாள் பரிசு உலகில் குறைவு.

"படம் பார்த்தால் போதாதா?"

ஒரு மழை நாளுக்குப் போதும். 1989 முதல் 2013 வரை டேவிட் சூஷே நடித்த 70 தொலைக்காட்சிப் படங்களே புவாரோவுக்கு நெருக்கமானவை; மார்பிளுக்கு ஜோன் ஹிக்சன். ஆனால் திரை பல சமயம் முடிவை மாற்றிவிடும். 'அண்ட் தென் தேர் வேர் நன்' கதையைக் கிறிஸ்டியே மேடைக்காக மாற்றி எழுதினார். போர்க்காலத்தில் நாவலின் இருண்ட முடிவு தாங்காது என்ற எண்ணம். 1945 ஹாலிவுட் படம் அந்த மேடை முடிவையே எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு 'எனக்குக் கதை தெரியும்' என்பவருக்கு உண்மையில் தெரியாது. தமிழில் எஸ். பாலசந்தர் எடுத்து 1970இல் வெளியான 'நடு இரவில்' இந்த நாவலின் தழுவல். மழை, தீவு வீடு, ஒவ்வொருவராகச் சாவு எல்லாம் நம் உறவுமுறைகளோடு.

"ராஜர் ஆக்ராய்ட் படித்தேன். அது மோசடி. வாசகரை ஏமாற்றிவிட்டார்."

கேள்வி அல்ல, குற்றச்சாட்டு. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொல்வதால் சேர்த்திருக்கிறேன். 1926இலேயே இந்தச் சண்டை நடந்தது. 2013இல் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து இதுவரை வந்தவற்றில் சிறந்த குற்றப் புதினம் என்று இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். முடிவு தெரிந்த கையோடு, கொலை நடக்கும் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு பத்து நிமிடம் காணாமல் போயிருக்கும். நாம் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கிறிஸ்டியின் எல்லாக் கதைகளிலும் இதே கைவேலைதான். துப்பை ஒளித்து வைப்பதில்லை. நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, அந்த நேரம் பார்த்து யாரையாவது தேநீர் கொண்டுவரச் சொல்லி நம் கண்ணைத் திருப்பிவிடுவார்.

"கடைசி நாவல்கள் சப்பென்று இருக்கின்றனவே? ஆனால் 'கர்ட்டன்' மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?"

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 'எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்' (1972), 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' (1973) இரண்டிலும் பேச்சு வளர்கிறது, தேதிகள் முரண்படுகின்றன. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். ஆனால் 1975இல் வந்த 'கர்ட்டன்' இரண்டாம் உலகப் போரின்போதே எழுதி, பூட்டிப் பத்திரமாக வைத்தது. குண்டுவீச்சில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு உதவும் என்று எண்ணினார். மார்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்' அப்படியே. 'கர்ட்டன்' வெளிவருவதற்குச் சற்று முன் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. கிறிஸ்டி அடுத்த ஜனவரியில் காலமானார்.

"ஆங்கிலேயருக்குப் புரியும் துப்பு நமக்குப் புரியுமா? நான் கண்டுபிடிக்காதது என் குற்றமா?"

எல்லா இடத்திலும் உங்கள் குற்றம் அல்ல. *(இங்கே 'தி டியூஸ்டே நைட் கிளப்' சிறுகதையின் முடிச்சு அவிழ்கிறது. வேண்டாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.)* மிஸ் மார்பிள் முதன்முதலாக வந்த 1927ஆம் ஆண்டுக் கதை அது. மனைவி நஞ்சால் இறந்துவிட்டாள். கணவன் எழுதிய கடிதத்தின் மை ஒற்றுத்தாளில் பதிந்திருக்கிறது. அதில் 'ஹண்ட்ரட்ஸ் அண்ட் தவுசண்ட்ஸ்' என்ற சொற்கள் தெரிகின்றன. நூறும் ஆயிரமுமாகப் பணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அது இங்கிலாந்தில் இனிப்பின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளின் பெயர். அன்று இரவு உணவில் ட்ரைஃபில் என்ற இனிப்பு இருந்தது. அடுக்களை அறிந்த மார்பிளுக்கு மட்டும் உறைக்கிறது. லண்டன் கடையில் அந்தப் புட்டியைப் பார்த்திராத நமக்கு வழியே இல்லை.

குழந்தைப் பாடல்களும் இப்படித்தான். 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' படிக்கும் முன் 'சிங் எ சாங் ஆஃப் சிக்ஸ்பென்ஸ்' என்ற பாட்டைத் தேடிப் படித்துவிடுங்கள். அங்கிருந்தே பயம் ஆரம்பிக்கும்.

"எனக்குப் பிடித்த ஒரு நாவலைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாமா?"

வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் தடை இல்லை. வெளியிட உரிமை வாங்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அவர் வாழ்நாளில் வெளியிட்டவற்றுக்கு அது 2036 முடியும்வரை நீடிக்கும். பிரிட்டனில் 70 ஆண்டு, ஆக 2046. அமெரிக்காவில் வெளியான ஆண்டைப் பார்த்துக் கணக்கிடுவதால் 1920களின் நாவல்கள் அங்கே பொதுவுடைமை ஆகிவிட்டன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் சில முறையானவையாகவும் பல திருட்டாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சட்டத்தைவிட இலக்கணம் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தமிழில் அத்தை மகனா, பெரியப்பா மகளா என்று முடிவு செய்தாக வேண்டும். சொத்து யாருக்குப் போகும் என்பதே அதில் தெரிந்துவிடும். 'யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது' என்று எத்தனை முறை ஒப்பேற்ற முடியும்? 'வந்தான்' என்றால் வீட்டில் உள்ள பெண்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள், 'வந்தாள்' என்றால் ஆண்கள். நான் ஒருமுறை பத்துப் பக்கம் முயன்று பார்த்தேன். வேறு வழியின்றி 'வந்தார்' என்றே போட்டுக்கொண்டு போனேன். படித்த என் அக்கா, "கொலைகாரனுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?" என்று கேட்டாள்.